நீவெஸும் அந்த ஒரு ஸ்வரமும்

நீவெஸ் போக்கியின் பேரைச் சுவரொட்டியில் போடும் எழுத்து வருஷத்துக்கு வருஷம் பெரிசாகிக்கொண்டே போகிறது. பத்திரிகைக்காரர்கள் எழுதும்போதெல்லாம் 'பயமறியாத குரல்' என்று எழுதுகிறார்கள். படித்தால் எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும். மேடைக்குப் போகுமுன் அவள் வாந்தி எடுக்கும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அந்த வாளிக்கு வாயிருந்தால் தெரியும், பயமறியாத குரலின் லட்சணம்.

என் பேர் அர்ஜியா. சான் திர்சோ தியேட்டரில் உடுப்புக்காரி. பாட வருகிற பெண்களுக்குக் கச்சு இறுக்கிக் கட்டுவதும், கிழிந்ததைத் தைப்பதும், அழுதால் மூக்கைத் துடைத்து அனுப்புவதும் என் வேலை. கச்சுக் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உள்ளே இருப்பவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அவள் விலா எலும்பு எனக்குச் சொல்லிவிடும். நீவெஸ் என் கண்ணெதிரே பிறந்தவள். அவள் அப்பன் எர்மெஸும் நானும் ஒரே கட்டடம். நடுவில் முற்றம், அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நான். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதெல்லாம் நான்தான்.

எங்கள் ஊரில் பன்றித்தொடைக்கு உப்புப் போடாத தெருவும் இல்லை, ஓபராப் பாட்டு முணுமுணுக்காத வாயும் இல்லை. தியேட்டரில் கீழே பட்டு நாற்காலிகளில் டாக்டரும் வக்கீலும் உட்காருவார்கள். அவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை, பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். பயப்பட வேண்டியது மேலே, கூரைக்கு அடியில், முழங்கால் இடிக்கக் கேலரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான். லாரி ஓட்டுகிறவன், பாலாடைக்கட்டி செய்கிறவன், கசாப்புக்காரன், கொத்தனார். தீர்ப்புச் சொல்வது அவர்கள். பிடித்துப்போனால் பாடுகிறவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். பிடிக்காவிட்டால் விசில். அந்த விசில், பாடினவளுக்கு முன்னால் ரயிலேறி அடுத்த ஊர்த் தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கேலரிக்குச் சட்டம் ஒன்று உண்டு. கடைசி ஸ்வரம் காற்றில் அடங்கி முடியும்வரை எவனும் கைதட்டக்கூடாது. முந்திக்கொண்டு தட்டினால் அவன் காசு வாங்கித் தட்டுகிறவன் என்று அர்த்தம், காசு கொடுத்தது மேடையில் நிற்பவள் என்று அர்த்தம். பாடத் தெரியாதவளைக்கூட எங்கள் ஆட்கள் ஒருநாள் மன்னிக்கலாம். கைதட்ட ஆள் வைத்தவளை மன்னிக்கவே மாட்டார்கள்.

கேலரிக்குத் தலைவன் வாஸ்கோ, டிராக்டர் ரிப்பேர் செய்கிறவன். அவனுக்கு வலதுகை நம் எர்மெஸ். எர்மெஸுக்கு, உப்புப் போட்ட பன்றித்தொடைகளை மாதக்கணக்கில் காயப்போடும் கூடத்தில் வேலை. குதிரை எலும்பில் செய்த ஊசியைத் தொடைக்குள் குத்தி இழுத்து, மூக்கில் வைத்து மோந்து பார்த்து, தேறும் தேறாது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவான். பாட்டையும் அப்படியேதான் சொல்வான். மனுஷன் தொடையையும் தொண்டையையும் ஒன்றாகத்தான் பார்த்தான்.

நீவெஸுக்கு ஏழு வயதிருக்கும்போது 'உப்பளத்து ராணி' ஓபராவில் பாட ஃபெர்ராரா ஊரிலிருந்து ஒரு இளம்பெண் வந்தாள். முதல் அங்கத்தின் முடிவில் ராணி தனியாக நின்று பாடும் பெரிய பாட்டு ஒன்று இருக்கிறது. இசையமைத்தவர் அதைச் சாதாரணமான ஒரு ஸ்வரத்தில்தான் முடித்து வைத்தார். எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி அங்கிருந்து மேலே தாவி, அவர் எழுதவே எழுதாத ஓர் உச்ச ஸ்வரத்தைப் பிடித்துவிட்டாள். புண்ணியவதி, அன்றிலிருந்து எல்லாப் பெண்களும் தாவியாக வேண்டும் என்றாகிவிட்டது. எழுதாததுதானே என்று விட்டுவிட்டால் கேலரி விடாது.

ஃபெர்ராராப் பெண் தாவினாள். குரல் நடுவில் உடைந்தது. ஒரு கணம் அமைதி. பிறகு கேலரியிலிருந்து எர்மெஸின் குரல் கணீரென்று கேட்டது.

"கோழி அறுக்கறதுன்னா கொல்லைப்பக்கம் போய் அறுங்கம்மா!"

தியேட்டரே சிரித்தது. பிறகு விசில், பிறகு மேடைமேல் ஒரு கட்டு முள்ளங்கி வந்து விழுந்தது. அந்தப் பெண் உள்ளே ஓடி வந்தாள், என்னைத் தாண்டி ஓடினாள், ராணி உடுப்போடேயே ரயில் நிலையத்துக்கு ஓடினாள். நான் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கோட்டைப் போட்டுவிட்டபோது அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எங்கும் பாடியதாகக் கேள்விப்படவில்லை. கிரெமோனாவில் தபாலாபீசில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

நீவெஸ் அன்று கேலரியில் அப்பன் மடியில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை தலை பின்னும்போது கேட்டாள்.

"அத்தை, அந்த அக்கா அழுதாங்களா?"

"அழுதிருப்பாங்க."

"நல்லாப் பாடலைன்னா அப்பா யாரையும் அப்படித்தான் சொல்வாரா?"

"ஆமாண்டி. உங்கப்பனுக்கு வாய் நீளம்."

"நான் பாடினாலும் சொல்வாரா?"

நான் பின்னலை இறுக்கினேன். பயம் அன்றைக்கே அந்தப் பிள்ளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவ்வளவு பயந்தவள் ஏன் பாடப் போனாள் என்று கேட்கலாம். குரல் வந்து தொலைத்ததே, என்ன செய்வது? கோயில் பாடற்குழுவில் அவள் வாயைத் திறந்தால் மற்றப் பிள்ளைகள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பார்மாவில் இசைப் பள்ளியில் சேர்த்தார்கள். வெர்செல்லியில் போட்டியில் ஜெயித்தாள். ஜெர்மனியில் ஒரு தியேட்டர் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. வேலைக்காரி வேஷம், தோழி வேஷம், பிறகு ஒருநாள் நாயகிக்கு ஜலதோஷம் பிடிக்க, நாயகி வேஷம். அங்கிருந்து லியோன், அங்கிருந்து ட்ரியெஸ்தே. ஒவ்வொரு ஊரிலும் மேடையேறுமுன் வாந்தி, மேடையேறின பின் கைதட்டல். அப்பனுக்குச் சுவரொட்டிகள் அனுப்புவாள். எர்மெஸ் அவற்றைக் காயும் கூடத்துச் சுவரில் ஒட்டிவைத்து, மீசையைத் தடவிக்கொண்டு நிற்பான்.

ஏறுகிறவளை எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஏற ஏற விழுகிற தூரமும் கூடுகிறது என்பது ஏறுகிறவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் சான் திர்சோ தியேட்டர் கமிட்டி அவளைக் கூப்பிட்டது. சொந்த ஊரில், 'உப்பளத்து ராணி'. மிலானிலிருந்து பெரிய தியேட்டர்காரர் ஒருவர் கேட்க வருகிறார் என்றார்கள். ஊரே கொண்டாடியது. நீவெஸ் வந்து இறங்கியதும் நேராக என் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். நான் தொர்தெல்லிக் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அந்த மேல் ஸ்வரம் போயிடுச்சு."

"எங்கடி போயிடுச்சு?"

"தெரியலை. கிராட்ஸ் தியேட்டர்ல ஒத்திகைல உடைஞ்சுது. அதுலேருந்து சில நாள் வருது, சில நாள் இல்லை. கடைசிப் படி இருக்குன்னு நெனச்சுக் காலை வெச்சா, அங்க படியே இல்லாத மாதிரி இருக்கு."

"அப்ப விட்டுடு. எழுதினதை மட்டும் பாடிட்டு வா."

"சான் திர்சோலயா?" என்றாள். "எங்கப்பா முன்னாடியா?"

"பாட முடியாதுன்னு சொல்லிடேன். தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லு."

"பயந்து ஓடிட்டாள்னு வாஸ்கோ மாமா அடுத்த ஜென்மத்துலயும் சொல்லிக்கிட்டிருப்பாரு. அத்தை, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத."

சொல்லவில்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை. அவன் தானே கேட்டுவிட்டான்.

வீட்டில் பாடினால் தெருவே ஜன்னலைத் திறந்து காதைக் கொடுக்கும். அதனால் மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் நீவெஸ் காயும் கூடத்தில் போய்ப் பாடிப் பார்ப்பாள், துணைக்கு நான். வரிசை வரிசையாகத் தொடைகள் தொங்கும், நீள ஜன்னல்களில் மலைக்காற்று வரும், கேட்க ஒரு காது கிடையாது. ஒருநாள் அவள் ராணியின் அந்தப் பாட்டைப் பிடித்தாள். நெஞ்சை அள்ளுகிற மாதிரித்தான் பாடினாள். முடிவில் தாவினாள், அதே இடத்தில் குரல் உடைந்தது. சின்னச் சத்தந்தான், உலர்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு எதிரே, மூன்றாவது வரிசைக்குப் பின்னால், கையில் ஊசியோடு எர்மெஸ் நின்றுகொண்டிருந்தான். சாப்பிடப் போயிருக்கவில்லை. பேயறைந்தவன் மாதிரி என்னைப் பார்த்தான். வாயில் விரலை வைத்து, சொல்லாதே என்று சைகை காட்டிவிட்டுப் பின்வழியாகப் போய்விட்டான்.

சாயங்காலம் முற்றத்தில் என்னை மடக்கினான்.

"அர்ஜியா, உடைஞ்சா வாஸ்கோ என்ன செய்வான்?"

"உனக்குத் தெரியாதா? நீ என்ன செஞ்சியோ அதைச் செய்வான்."

"அவனுக்கு நீவெஸைக் கொழந்தைலேருந்து தெரியும்."

"அதனால இன்னும் சத்தமா விசிலடிப்பான். வேண்டியவன் வேண்டாதவன்னு கேலரி பார்க்காதுன்னு பீத்திக்கிட்டது யாரு, நீதான?"

"எம்பொண்ணு அவ."

"ஃபெர்ராராக்காரிக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான், எர்மெஸ்."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். சொல்லிக் காட்டினதில் எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன், திருப்தி போய்விட்டது.

ஓபரா நாள் வந்தது. நீவெஸ் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. பாடுகிற நாளில் பேசக்கூடாது என்பது பாடகிகளின் வழக்கம். ஆனால் அவள் மௌனம் வழக்கத்துக்காக இல்லை. கச்சைக் கட்டினேன். விலா எலும்பு, வலையில் மாட்டின குருவியின் நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. வாளியைப் பிடித்தேன். அவள் வாயைத் துடைத்துவிட்டு, மேடையேறுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் சொல்வதைச் சொன்னேன்.

"ஓநாய் வாய்க்குள்ள போ."

"ஓநாய் சாகட்டும்" என்று பதில் சொல்ல வேண்டும். அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பேச்சுக்கே குரல் வராதவள் அந்த உச்சத்துக்கு எங்கே போகப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டே திரையை விலக்கிவிட்டேன்.

ஆனால் மேடையில் கால் வைத்ததும் பாடினாள். எப்போதும் அப்படித்தான், பயம் மேடை ஓரத்தில் என்னோடு நின்றுவிடும். திரை இடுக்கில் மேலே பார்த்தேன். கேலரி நிரம்பி வழிந்தது. நடுவில் வாஸ்கோ, மார்பில் கையைக் கட்டிக்கொண்டு. அவனிடமிருந்து தள்ளி, ஓரத்து பெஞ்சில் எர்மெஸ். அவனைச் சுற்றி உப்புப்போடும் கூடத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், தியேட்டர் வாசலை மிதித்தே அறியாதவர்கள், ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் பாடுகிற பெருமையில் கூட்டிவந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

பெரிய பாட்டு வந்தது. முதல் பாதி போயிற்று, இரண்டாம் பாதி போயிற்று. கடைசி அடிக்கு முன்னால் அவள் மூச்சிழுத்தாள். அந்த மூச்சின் சத்தம் எனக்குக் கேட்டது. கேலரியில் எவனும் இருமவில்லை. நான் திரைத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

தாவினாள்.

"பிராவா! பிராவா!"

எர்மெஸ் எழுந்து நின்று கத்தினான். கை சிவக்கத் தட்டினான். கூட வந்தவர்களும் உப்பில் ஊறின முரட்டுக் கைகளால் இடி இடித்த மாதிரித் தட்டினார்கள். மேடை ஓரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அந்த ஸ்வரம் வந்திருந்தது. முழுசாக, சுத்தமாக, ஒரு கீறல் இல்லாமல் வந்திருந்தது. தியேட்டரில் வேறு எவருக்கும் அது கேட்கவில்லை.

ஒரு கணந்தான். பிறகு கேலரி பொங்கியது. நாலாபக்கமும் விசில்.

"யாருடா அது கூலிக்கு மாரடிக்கிறவன்?" வாஸ்கோவின் தொண்டை. "வெளிய போடா!"

நீவெஸ் மேடை நடுவில் கல்லாக நின்றாள். பிறகு மெல்ல நடந்து என்னிடம் வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"வந்துச்சே அத்தை. எனக்கு வந்த மாதிரி இருந்துச்சே. வரலையா?"

"வந்துச்சு கண்ணு. நான் கேட்டேன்."

"அப்ப ஏன் விசிலடிக்கறாங்க?"

நான் எப்படிச் சொல்ல? மேலேயிருந்தே பதில் வந்தது.

"எர்மெஸ்! நீயா? அட பாவி, நீயா தட்டின?" வாஸ்கோவின் குரல் உடைந்துபோயிருந்தது. நாற்பது வருஷக் கூட்டாளி சட்டத்தை மீறிவிட்ட அதிர்ச்சி. "பொண்ணுகிட்ட நம்பிக்கை இல்லையாடா உனக்கு?"

நீவெஸ் அதைக் கேட்டாள். அவள் கண்ணை மூடினதை நான் பார்த்தேன்.

கேலரி கொஞ்சம் அடங்கிற்று, பிறகு தரையை உதைக்க ஆரம்பித்தது. தட், தட், தட். கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. விஷயம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கிற்று. அவர்கள் அவளைத் துரத்தவில்லை. கைதட்டலில் ஸ்வரம் காதில் விழவில்லை, திரும்பப் பாடு என்கிறார்கள். வாத்தியக் குழுவை நடத்தும் மாயெஸ்த்ரோ, வெளியூர்க்காரர், விறைத்த கழுத்து, திரும்பி நின்று மேலே பார்த்துச் சொன்னார்.

"என் மேடைல ஒரே பாட்டை ரெண்டு தடவை பாடற வழக்கம் கிடையாது."

"உங்க மேடையா?" என்றான் வாஸ்கோ. "இதைக் கட்டினது எங்க தாத்தனுங்க. நீங்க நேத்து ரயில்ல வந்தீங்க சாமி. பாடச் சொல்லுங்க, இல்லைன்னா விடியவிடிய உதைப்போம்!"

நீவெஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் பனிக்கட்டி.

"அத்தை, ஒரு தடவை வந்ததே அதிசயம். ரெண்டாவது தடவை வராது. எனக்குத் தெரியும், வராது."

வராது என்றுதான் எனக்கும் தோன்றியது. பொய் சொல்ல வாய் வரவில்லை. ஏப்ரன் நுனியால் அவள் நெற்றியைத் துடைத்து, கச்சுக் கயிற்றை ஒரு பிடி தளர்த்திவிட்டேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மாயெஸ்த்ரோ தோற்றுப்போய்க் குச்சியைத் தூக்கினார். அவள் வெளியே போனாள்.

அந்தப் பாட்டு அன்று முடியவே முடியாது போல இருந்தது. முடியாமலே இருந்தாலும் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். அவள் மூச்சிழுத்தாள். என் மூச்சு நின்றது. தாவினாள். ஸ்வரம் வந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அது அடங்கி, அதன் பின்னாலிருந்த அமைதியும் அடங்கும்வரை ஒருத்தன் அசையவில்லை. அப்புறம் கைதட்டலில் கூரை பெயர்ந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஓபரா முடிந்து எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டபோது எர்மெஸ் மட்டும் இல்லை. தேடிப் போனேன். கேலரிப் படிக்கட்டில், இருட்டு மூலையில், முழங்காலுக்கு நடுவில் தலையைச் செருகி, இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தொட்டதும் திடுக்கிட்டான்.

"முடிஞ்சுதா? வந்துச்சா?"

"ரெண்டு தடவையும் வந்துச்சு."

"நான் கேட்கலை" என்றான். முதல் தடவை கையைத் தட்டியே கெடுத்துக்கொண்டான், இரண்டாம் தடவை அதே கையால் பொத்திக் கெடுத்துக்கொண்டான்.

பின்னாலேயே நீவெஸ் வந்துவிட்டாள், ராணி உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ஏம்ப்பா தட்டின?"

"பயமா இருந்துச்சு கண்ணு."

"எனக்கு இல்லையா?"

கோபம் தணிந்ததா, களைத்துப்போனாளா தெரியவில்லை, அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"இனிமே தட்டாத. உட்கார்ந்து கேளு, போதும். நீ கேட்கறன்னு தெரிஞ்சா நான் பாடிடுவேன்."

"சரி" என்றான்.

அன்று கேட்க வந்திருந்த மிலான் தியேட்டர்காரர் அவளை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் வேகந்தான். எர்மெஸ் எந்தத் தியேட்டருக்கும் போகவில்லை, முதுகு வலி என்று சாக்குச் சொன்னான். அவள் பாடும் 'உப்பளத்து ராணி' ரேடியோவில் வரும்போது என் சமையலறையில் கேட்போம், நான், அவன், வாஸ்கோ. வாஸ்கோ ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் ஒயின் பாட்டிலோடு வந்து ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்துகொண்டான். அந்தப் பெரிய பாட்டு ஆரம்பிக்கும். எர்மெஸ் சிகரெட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவான். கிணற்றுப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பான். ஸ்வரம் வந்து, கைதட்டலும் வந்த பிறகு வாஸ்கோ கதவைத் திறந்து குரல் கொடுப்பான்.

"வந்துடுச்சு, எர்மெஸ். உள்ள வா."

அவன் வருவான். இடைவேளையில் நீவெஸ் எங்கிருந்தாலும் என் சமையலறைக்குப் போன் செய்வாள். அவள் கேட்பது ஒரே கேள்வி. "கேட்டியாப்பா?" எர்மெஸ் சொல்வது ஒரே பதில். "கேட்டேன். நல்லா வந்துச்சு."

நான் திட்டிப் பார்த்தேன். "அவ உன்னை நம்பிப் பாடறாடா. நீ கெணத்தடில நிக்கற." "என்னால முடியலை, அர்ஜியா" என்பான். ரேடியோவில் உடைந்தால் என்ன செய்வது என்று அவனுக்குப் பயம். இங்கிருந்து கையைத் தட்டி அதை மூடவும் முடியாதே.

பிறகு மிலானில் அவளுக்கே அவளுக்கென்று 'உப்பளத்து ராணி' போட்டார்கள். முதல் நாள், நாடு முழுக்க ரேடியோவில். பாட்டு தொடங்கியது, எர்மெஸ் வெளியே போனான். நானும் வாஸ்கோவும் ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தோம், பார்த்தால் ஏதோ தெரியும் என்பது போல. அவள் மூச்சிழுத்தாள், தாவினாள்.

உடைந்தது.

காயும் கூடத்தில் கேட்ட அதே சின்னச் சத்தம். அப்புறம் மிலான் கேலரியின் விசில், ரேடியோ கிழிகிற மாதிரி. அறிவிப்பாளர் அவசரமாக என்னென்னவோ பேசினான். வாஸ்கோ எழுந்தான். தப்பான ஸ்வரம் என்றால் பெற்ற தாயைக்கூட மன்னிக்காதவன், சொல்லத்தான் போகிறான், எப்படித் தடுப்பது என்று பதறினேன். அவன் கதவைத் திறந்தான்.

"வந்துடுச்சு, எர்மெஸ். உள்ள வா."

பாட்டு விஷயத்தில் வாஸ்கோ பொய் சொல்லி அன்றுதான் கேட்டேன். எர்மெஸ் உள்ளே வந்தான். என் முகத்தைப் பார்த்தான், வாஸ்கோ முகத்தைப் பார்த்தான். போன் அடித்தது. எடுத்தான்.

"கேட்டேன் கண்ணு. நல்லா வந்துச்சு."

நான் பக்கத்தில் போய் நின்றேன். மறுமுனையில் அவள் குரல் கேட்டது.

"அது உடைஞ்சுடுச்சுப்பா. விசிலடிச்சாங்க."

எர்மெஸ் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"நீ கேட்கவே இல்லையா?" என்றாள். "இதுவரைக்கும் எந்தத் தடவையுமா?"

"இல்லை" என்றான். "முத்தத்துல நின்னேன். ஒவ்வொரு தடவையும்."

அவள் அழுதாளா, சிரித்தாளா, போனில் தெரியவில்லை.

"நான் திரும்ப வெளிய போகணும்ப்பா. ரெண்டாவது அங்கம். என்னால முடியுமான்னு தெரியலை."

நான் அவன் கையைப் பிடித்தேன், அது ஈரமாக இருந்தது.

"போ" என்றான். "நான் ரேடியோ முன்னாடி உட்கார்றேன். எந்திரிக்கமாட்டேன். அவங்க விசிலடிச்சா அதையும் சேர்ந்து கேட்கறேன். போ கண்ணு."

போனை வைத்துவிட்டு வந்து நாற்காலியை ரேடியோவுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இரண்டாம் அங்கம் தொடங்கியது. அவள் மேடைக்கு வந்திருக்க வேண்டும், விசில் கிளம்பிற்று. வாஸ்கோ சத்தத்தைக் குறைக்கக் கையை நீட்டினான். எர்மெஸ் அவன் கையைத் தட்டிவிட்டான்.

விசில் நடுவிலேயே அவள் பாட ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது, எங்கள் எல்லோருக்கும் கேட்டது. எர்மெஸுக்கும் கேட்டது. அவன் உடம்பு உதறியது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான், ஆனால் எழுந்திருக்கவில்லை.